என் இடுப்புக்கு வந்த விருந்தாளி

இனி இந்த வீட்டில் பாத்திரம் விளக்குவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் எடுத்தேன். கையில் தேய்க்கிற நார் இருந்தது. பக்கத்தில் மனைவி இருந்தாள். அதனால் சபதத்தை மனதுக்குள்ளேயே எடுத்தேன்.

வழி காட்டியது நான் குமாஸ்தாவாக இருக்கும் கல்லூரி. வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்க வருகிறார்களாம். உள்ளூர்க் குடும்பங்களோடு தங்குவார்களாம். படிப்போடு சமூக சேவையும் செய்தே தீர வேண்டுமாம். செய்தே தீர வேண்டும்! எனக்குப் புல்லரித்துவிட்டது. நானும் சமூகத்தில் ஒருவன்தானே?

வந்து சேர்ந்தான் நெட்டைத் தம்பி. நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டே உள்ளே வந்தான். இயன்முறை மருத்துவம், அதாவது உடற்பயிற்சியால் வலி தீர்க்கும் படிப்பு படிக்கிறவன். நம் மொழியைப் புத்தகத்தில் கற்றவன்.

"வணக்கம் ஐயா. தங்கள் இல்லத்தில் மகனைப் போல் ஒழுகுவேன்."

"ஒழுகறதுக்குக் குழாய் இருக்குப்பா. நீ வந்து பாத்திரத்தைப் பாரு."

கூட வந்திருந்த பொறுப்பாளர் அம்மா குறுக்கிட்டார். "தங்கியிருக்கற வீட்ல செய்யறது சேவைக் கணக்குல வராது சார். உடம்பு முடியாம, பார்த்துக்க ஆளும் இல்லாதவங்களுக்குச் செஞ்சாதான் சேவை."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி. "இனிமே நீங்க விளக்க வேண்டியது மூணு தட்டு."

மறுநாளே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பொறுப்பாளர் அம்மா பார்க்க வந்தார். முனகலில் ஒரு குறையும் வைக்கவில்லை நான்.

"பாவம்தான் சார். ஆனா பார்த்துக்க மேடம் இருக்காங்களே!"

இது ஒரு தடையா? மனைவி பக்கம் திரும்பினேன். "நீ கொஞ்ச நாள் எங்கயாவது போயிட்டு வாயேன்."

"உங்களை இந்த நிலைமையில விட்டுட்டா?"

"நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

"நான் எங்கங்க போவேன்?"

"எங்க வேணா போ! உனக்குன்னு ஒரு ஆசையும் இல்லையா?"

கேட்டிருக்கக் கூடாது. இருந்தது. கல்யாணத்தால் பாதியில் நின்ற படிப்பு. வருஷா வருஷம் கேட்பாள். "அப்போ சமையலுக்கு யாரு?" என்று வருஷா வருஷம் நான் வாயை அடைப்பேன்.

"ஏங்க, ஒரு பிள்ளையைத் தங்க வெச்ச வீட்லேர்ந்து ஒருத்தர் அந்த நாட்டுக்குப் போய்ப் படிக்கலாமாமே? உங்க சம்மதம்தான் பாக்கின்னு இந்த மேடம் சொன்னாங்க."

"இப்பதான் வாயாலேயே சொல்லிட்டாரே!" என்றார் பொறுப்பாளர் அம்மா.

விசா வரும்வரை எனக்குப் படுக்கையிலேயே காபி வந்தது. சூடாக வந்தது. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவள் விமானம் ஏறினாள். ஆறு மாதம் நெட்டைத் தம்பியின் பெற்றோரோடு தங்கிப் படிப்பதாக ஏற்பாடு. இங்கே அவன் என் கட்டிலருகே வந்து நின்றான்.

"ஐயா, சேவையைத் தொடங்கலாமா?"

"தாராளமா. சமையலறையிலேர்ந்து ஆரம்பி."

"நல்லது. எழுந்தருளுங்கள். இந்த வலிக்குப் படுக்கை ஆகாது. குனிந்து நிமிர வேண்டும்." துடைப்பத்தை என் கையில் கொடுத்தான்.

பெருக்கினேன். துணி பிழிந்து தரையைத் துடைத்தேன். குந்தி உட்கார்ந்து பாத்திரம் விளக்கினேன். அவன் பக்கத்தில் நின்று, "முதுகை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள்" என்று சேவை செய்தான்.

"எனக்கு வலியே இல்லப்பா! எல்லாம் நடிப்பு!"

"பயிற்சிக்கு அஞ்சும் நோயாளி இவ்வாறே உரைப்பான் என்று எங்கள் ஆசிரியர் கூறியிருக்கிறார்."

வேலையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் திட்டு விழாத வீடுதான் பொறுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலி காலி. உண்மையாகவே ஏங்கிப்போனேன். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன். திரையில் மடி நிறையப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு நெட்டை மனிதர் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அது யாரு?"

"தம்பியோட அப்பா. நான் விருந்தாளியாச்சே, என்னைத் தொடவே விடறதில்ல."

"இதோ பாரு, என் இடுப்பு சுத்தமா சரியாயிடுச்சு. சமையல்கூட நானே செய்யறேன். நீ கிளம்பி வந்துடு."

அவள் முகம் மலர்ந்தது.

"நிஜமாவா? அப்பாடா, உங்களை நினைச்சுத்தாங்க கவலையா இருந்தது. இனிமே நிம்மதியா இன்னும் ரெண்டு வருஷம் இருந்து மேல்படிப்பையும் முடிச்சுட்டே வந்துடறேன்!"