புதுசாக ஓர் அனுபவசாலி

புதுமாப்பிள்ளையைப் பார்த்து, ‘இதற்கு முன் எத்தனை கல்யாணம் செய்த அனுபவம்?’ என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் காலேஜிலிருந்து நேராக வந்து நிற்கிற பிள்ளையிடம் முன் அனுபவம் கேட்கும் ஓர் இனம் உண்டு. அந்த இனத்தின் ஆரணிப் பிரதிநிதி லோகநாதன்.

தன் பட்டுப்புடவைக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்து, ஆன்லைனில் அமெரிக்கா வரை புடவை விற்கப்போவதாகச் சொல்லி, கண்ணாடிக் கதவு, ஏசி, சுழல் நாற்காலி, வாசல் பலகையில் தன் பெயருக்குக் கீழே ‘சி.இ.ஓ.’ என்று சகலமும் ஏற்பாடு செய்தவர், வேலைக்கு ஆளை மட்டும் ஏற்பாடு செய்யவில்லை. ஆள் வராமலா? வந்தார்கள். இவர்தான் விடவில்லை.

களம்பூரிலிருந்து கனிமொழி வந்தாள். அப்பா ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர். வீட்டில் இவள்தான் முதல் இன்ஜினியர்.

“எக்ஸ்பீரியன்ஸ் எத்தினி வருஷம்மா?”

“இப்பதான் சார் படிச்சு முடிச்சேன். ஃபிரெஷர் வேணும்னு போட்டிருந்தீங்களே.”

“ஃபிரெஷர்தான் வேணும். மூணு வருஷம் வேல செஞ்ச ஃபிரெஷர்.”

“யாராச்சும் மொதல்ல வேல குடுத்தாதானே சார் அனுபவம் வரும்?”

“அதான் நானும் சொல்றேன். யார்னா குடுக்கட்டும், அப்புறம் வா.”

ஒரு பெண்ணுக்கு வழிகாட்டிவிட்ட திருப்தியில் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பின்னால் வந்தவர்களுக்கும் இப்படியே வழிகாட்டினார். எல்லோரும் அவர் காட்டிய வழியே படியிறங்கிப் போனார்கள். வெப்சைட் மட்டும் ‘விரைவில் வருகிறது’ என்றபடியே மூன்று தீபாவளிகளைப் பார்த்துவிட்டது. கீழே கடையில் அவர் மனைவி ஹேமலதா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியே புடவைகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

“பொங்கலுக்குள்ள ஆள் வரலேன்னா மாடிய வாடகைக்கு விட்டுடலாங்க” என்றார் ஒருநாள்.

‘சி.இ.ஓ.’ பலகையைக் கழற்ற லோகநாதனுக்கு மனசில்லை. கனிமொழி வேலூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து மூன்று வருஷம் முடித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, அவளையே கூப்பிட்டார். வீட்டிலிருந்தே போய்வரலாமே என்று அவளும் வந்தாள். வந்து உட்கார்ந்தவள், இவர் வாய் திறப்பதற்குள் ஆரம்பித்தாள்.

“இந்தக் கம்பெனிக்கு இதுவரைக்கும் எத்தினி பேர வேலைக்கு வச்சிருக்கீங்க சார்?”

சுழல் நாற்காலி சுழலாமல் நின்றது.

“நீதாம்மா மொதல் ஆளு.”

“அப்ப சி.இ.ஓ.வா உங்களுக்கு முன் அனுபவம் இல்ல.”

“எல்லாரும் ஒருநாள் ஆரம்பிக்கத்தானேம்மா வேணும்? ஒரு சான்ஸ் குடுத்துப் பாரு, ஜல்தியா கத்துக்குவேன்.”

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கனிமொழி சிரிப்பை அடக்கிக்கொண்டு யோசித்தாள்.

“சரிங்க சார், ஆறு மாசம் பாக்கறேன். கூட ரெண்டு பேர் வேணும். இந்த வருஷம் படிச்சு முடிச்சவங்களா நானே கூட்டியாறேன்.”

இப்போது மாடியில் ஒரே கும்மாளம். வெப்சைட் ஓடுகிறது. லோகநாதன் புரொபேஷனில் இருக்கிறார். நடத்தை திருப்தி என்று கேள்வி.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனீர்களே, அங்கே மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர் ஸ்டெதஸ்கோப்பும் கையுமாக உங்களை அன்போடு அழைத்தபோது, நர்ஸ் பக்கம் சாய்ந்து, “பெரிய டாக்டர் எப்ப வருவாரு?” என்று கேட்டது யார்?