நத்தை டாக்டரின் சைட்டேஷன்

நத்தைக்கும் நரம்பு உண்டு என்று சிவகாசிக்குச் சொன்ன முதல் மனிதர் எங்கள் தெரு நத்தை டாக்டர்தான். கேட்கத்தான் ஊரில் யாருக்கும் நேரமில்லை.

வெளிநாட்டில் நரம்புச் செல் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. அங்கே ஆராய்ச்சிக்கு அறை கிடைக்காததால், சிவகாசியில் அவருடைய அண்ணன் நடத்திய அச்சகத்தின் பின்கட்டில் நுண்ணோக்கியோடு குடியேறினார். நத்தையின் ஒற்றை நரம்புச் செல்லில் மயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைச் செருகி, அது எழுப்பும் மின்துடிப்பை ஸ்பீக்கரில் 'டிக் டிக்' என்று கேட்பதுதான் அவர் தொழில்.

டாக்டர் என்ற சொல்லே போதுமானதாயிற்று. பக்கத்து ஊரான விஸ்வநத்தத்திலிருந்து ஒரு அம்மா வந்து கையை நீட்டினார்.

"கையி மரத்துப் போவுதுய்யா. நரம்புக்கு ஊசி போடுறீகளாமே?"

"போடுறேம்மா. ஆனா நத்தைக்கு."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "அதுக்குக் கொணமாயிருச்சா?"

"செத்துப்போச்சும்மா."

நீட்டிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டே அவர் படியிறங்கியதை நான் பார்த்தேன்.

அச்சகத்துக்கு எதிரே நான் அப்போது பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். சாயங்காலமானால் டாக்டர் வந்துவிடுவார். 'வெளித்தூண்டுதல் எதுவும் இல்லாமலே இந்தச் செல் தானாகத் தாளம் போடுகிறது' என்று அவர் எழுதிய கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழில் வந்திருந்தது. அதை யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பார். சைபர். நெட் ஸ்லோவா இருக்கும்போல என்று என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

அண்ணன் முதலாளிக்கு இந்த வியாபாரம் பிடிபடவே இல்லை.

"எம்புட்டு ஆர்டர் வந்திருக்கு தம்பி?"

"ஆர்டர் இல்லண்ணே, சைட்டேஷன். நான் எழுதினத மத்தவங்க அவங்க கட்டுரையில எடுத்துச் சொல்லுவாங்க."

"சொன்னா?"

"நமக்குப் பேருண்ணே."

"பேரா? நம்ம பேருதான் காலண்டருக்கு அடியிலயே இருக்கே. வீட்டுக்கு வீடு ஆணியில தொங்குது!"

ஒருநாள் டாக்டர் என் நாற்காலியைத் தள்ளிவிட்டுக்கொண்டு எழுந்தார். "வந்துருச்சுலே! சைட்டேஷன்!" என்று தெருவைக் கடந்து ஓடினார். வேன் ஒன்று பிரேக் போட்டது. முதலாளி அச்சகம் முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். அதற்குள் நான் திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன்.

"டாக்டரே, நீங்க சொன்னது தப்புன்னுல்ல போட்டிருக்கு? இவங்க செஞ்சப்ப செல்லு தாளமே போடலையாம்."

"தப்புன்னு சொல்லணும்னா முழுசாப் படிச்சிருக்கணும்ல!" என்று வாயில் ஜாங்கிரியோடு சிரித்தார். அவர்களுக்கு நத்தையை வைத்துப் பழகத் தெரியவில்லை என்றும் தீர்ப்புச் சொன்னார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. அச்சகத்தில் மிஷினை நிறுத்தித் துடைத்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டினார்கள். நுண்ணோக்கிக்குச் சந்தனம் வைக்க வந்தவர்களை விரட்டிவிட்டு டாக்டர் மட்டும் வேலை பார்த்தார். ஊசி செருகினார். சத்தமே இல்லை. வேறு நத்தை. அதுவும் ஊமை.

மறுநாள் மிஷின் ஓடியது. செல்லும் டிக் டிக் என்றது. டாக்டர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, மிஷின நிறுத்துங்க."

"ஏலே, காலண்டர் சீசன்லே! பொங்கலுக்கு அப்புறமா தொங்கவிடச் சொல்றே?"

திட்டிக்கொண்டே நிறுத்தினார். செல் அடங்கியது. ஓட்டினார். செல் தாளம் போட்டது. இத்தனை வருஷமாக நத்தை பேசவே இல்லை. மிஷின் அதிர்வில் ஊசி ஆடி ஆடிச் செல்லைக் குத்தியிருக்கிறது.

தம்பியின் முகத்தைப் பார்த்ததும் முதலாளிக்குக் கோபம் போய்விட்டது. தோளில் கை வைத்தார். "இங்கன வந்து எவன் பாக்கப் போறான்? பேசாம விட்டுரு தம்பி."

"எனக்குத் தெரியுதேண்ணே."

'நான் கேட்டது நத்தையின் தாளம் அல்ல, என் அண்ணனின் அச்சு மிஷினுடையது' என்று நேராகவே எழுதினார். என் சென்டரிலிருந்துதான் அனுப்பினார். மவுஸ் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்துக்கு நான் சார்ஜ் போடவில்லை.

இதழில் அது வந்தபின் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊசி குத்தும் ஆய்வுக்கூடங்கள் எல்லாம், 'அதிர்வு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள்' என்று அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்ட ஆரம்பித்தன. ஜப்பான், ஜெர்மனி என்று வந்துகொண்டே இருந்தது. பழைய கட்டுரையைச் சீந்தாத உலகம் இதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது.

"தப்புன்னு ஒத்துக்கிட்டதுக்கா இம்புட்டு ஆர்டர்?" என்று முதலாளி மலைத்துப்போனார். காலண்டர் ஏஜென்டுகளிடம், "வெளிநாட்டு டாக்டருமாரு பூராவும் நம்ம மிஷினப் பத்தித்தான் பேசுதாக!" என்று பெருமையடித்தார். ஆனாலும் அந்த சீசனிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினை நிறுத்தி, "தம்பி, ஊசி போட்டுக்கோ!" என்று பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையம் டாக்டரை அழைத்துக்கொண்டது.

இப்போதும் யாராவது வாய்விட்டு, "நான் சொன்னது தப்புங்க" என்று சொன்னால் உடனே அவர் ஞாபகம் வந்துவிடுகிறது. எப்போதாவதுதான் வருகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.