கேட்டுக்காரர் கடல் பார்க்கப் போனார்

கிழித்த பிறகுதான் கேட்டுக்காரருக்கு உறைத்தது, கிழித்தது சினிமா டிக்கெட் இல்லை, ரயில் டிக்கெட் என்று.

பாதித் தாள் அவர் கையில் இருந்தது. மறு பாதி பிளாட்பாரத்துக் குப்பைத் தொட்டியில் கிடந்தது. எல்லாம் ஒரே நொடியில் முடிந்துவிட்டது. "என்னங்க, எந்தப் பெட்டின்னு பாருங்க" என்று மனைவி தாளை நீட்டினாள், நீட்டிவிட்டுப் பைகளை எண்ணக் குனிந்தாள். அவ்வளவுதான்.

பின்னே? இருபத்திரண்டு வருஷம் தியேட்டர் வாசலில் நின்ற கை அது. யார் எதை நீட்டினாலும் வாங்கும், சரக்கென்று கிழிக்கும், ஒரு பாதியை முழங்காலோரம் இருக்கிற பெட்டியில் போடும். "பால்கனி இடது பக்கம்" என்று வாய் வேறு சொல்லக் கிளம்பியது. நல்ல வேளையாக நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கல்யாணமான மறு வாரமே கடலைக் காட்டுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு புதுப்படம் வந்து தொலைத்தது. "இந்தப் படம் ஓடி முடியட்டும்" என்பார். அவளும் திட்ட மாட்டாள். "சரி விடுங்க" என்று மட்டும் சொல்வாள். இன்னொரு முறை அந்தச் 'சரி விடுங்க'வைக் கேட்கிற தெம்பு அவருக்கு இல்லை.

இந்தத் தடவை அவள் ஒரு வாரமாகத் தரையில் நடக்கவில்லை. அண்டை அயலுக்கெல்லாம் சொல்லியாயிற்று. இவருக்கும் தினமும் பாடம் நடந்தது.

"ஊர் விட்டு ஊர் போனா மனுஷன் புதுசாயிடுவான்ங்க! நாலு பேர்கிட்ட பேச வரும், பயம் தெளியும். உங்க முழங்கால் வலிகூடப் பறந்துடும் பாருங்க. வாசல்லயே நின்னு நின்னு மரத்துப் போன கால்தானே அது!"

கேட்டுக்காரர் குப்பைத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டார்.

"என்னங்க தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்கன்னு பார்த்தேன்."

பாதித் தாள் கிடைத்தது. ஆனால் யாரோ மிச்சக் காபியை அதன் தலையில் கொட்டியிருந்தார்கள். சட்டையில் துடைத்தார், எழுத்து சட்டைக்கு வந்தது. பையில் இருந்த பிளாஸ்திரியை எடுத்து இரண்டு பாதியையும் ஒட்டினார். அது சரியாகத் தேதியின் மேல் உட்கார்ந்தது. உரித்தார், தேதியும் கூடவே வந்துவிட்டது. இப்போது அந்தத் தாளைப் பார்த்தால் டிக்கெட் என்று அதைப் பெற்ற இயந்திரமே ஒத்துக்கொள்ளாது.

ரயில் ஊதியது. எந்தப் பெட்டி என்று அவள் கேட்டால் செத்தோம் என்று நினைத்தார். அவள் கேட்கவே இல்லை. கைப்பையை அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறி, நேராக ஒரு ஜன்னல் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

"எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றாள்.

வண்டி நகர்ந்தது. "கிளம்பிடுச்சுங்க! நிஜமாவே கிளம்பிடுச்சு!" என்று கை தட்டினாள். அவருக்கும் உள்ளே ஏதோ குதித்தது. குதித்த வேகத்திலேயே அடங்கியும் விட்டது. பெட்டியின் அந்தக் கோடியில் ஒரு கறுப்புக் கோட்டு. டிக்கெட் பரிசோதகர்!

"நான் முகம் கழுவிட்டு வந்துடறேன்."

"இப்பத்தானே கழுவினீங்க?"

"கடலுக்குப் போறோம், இன்னொரு தடவை கழுவினா என்ன குறைஞ்சு போச்சு?"

அடுத்த பெட்டிக்கு ஓடிக் கழிவறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார். கொஞ்ச நேரத்தில் கதவு அதிர்ந்தது.

"யாருங்க உள்ள? குடியிருக்கவே வந்துட்டீங்களா?"

திறந்தால் எதிரே ஆறு பேர். கேட்டுக்காரர் விழித்தார். வாய் தானாகப் பொய் சொன்னது.

"டிக்கெட் இல்லாம யாராவது ஒளிஞ்சிருக்காங்களான்னு பார்த்தேன்."

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. அவரிடம் இருந்த நல்ல உடுப்பே தியேட்டர் உடுப்புதான். சட்டைப் பையில் பழக்க தோஷத்தில் டார்ச் லைட் வேறு. ஆறு பேரும் மரியாதையாக ஒதுங்கினார்கள்.

"செக்கர் சார் வந்துட்டாரு! டிக்கெட்டை எடுங்கப்பா!"

பெட்டி முழுக்கக் கைகள் நீண்டன. கேட்டுக்காரரின் வலது கை துள்ளியது. இடது கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்ட குடுக்காதீங்க! தயவுசெஞ்சு நீங்களே பிடிச்சுக் காட்டுங்க!"

"சார், இந்தாளு என் ஜன்னல்ல உட்கார்ந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குறாரு" என்று ஒரு டீச்சரம்மா தடிமனான தையல்காரரைக் காட்டினார். இது கேட்டுக்காரருக்குக் கைவந்த வேலை. டார்ச்சை அடித்தார். "பதினேழு ஜன்னல். பதினெட்டு இப்படித் தள்ளி. முன்னால கால் நீட்டாதீங்க." சண்டை முடிந்தது. தையல்காரர் சிரித்தபடி அவருக்கு பிஸ்கெட் கொடுத்தார். கடலில் பாதம் நனைக்கும்போது காலடியில் மணல் நழுவுமே, அந்தக் கூச்சத்தைப் பற்றி டீச்சரம்மா சொன்னார். கேட்டுக்காரர் வாய் பிளந்து கேட்டார்.

திரும்பினால் கறுப்புக் கோட்டு!

அடுத்த பெட்டிக்குப் பாய்ந்தார். அங்கேயும் "செக்கர் சார்!" அங்கேயும் இருக்கைத் தகராறு. அதற்கடுத்ததிலும் அப்படியே. விசித்திரம் என்னவென்றால், அந்தக் கறுப்புக் கோட்டு யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. இவர் நின்றால் நின்றது, ஓடினால் ஓடியது.

நடுவில் ஒரு பாலம் வந்தது. கதவோரம் நின்றவருக்குக் கீழே ஆறு தகதகவென்று தெரிந்தது. "ஐயோ, எவ்வளவு தண்ணி!" என்று கத்தியே விட்டார். ஆற்றையும் மலையையும் இத்தனை நாள் திரையின் ஓரத்தில், கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்திருக்கிறார். இங்கே இடைவேளைகூட இல்லை! முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

அப்புறம் பெட்டிகள் தீர்ந்துவிட்டன. கடைசிப் பெட்டி, முன்னே சுவர், பின்னே பரிசோதகர்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் பரிசோதகர், மூச்சு வாங்க.

கேட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. சட்டைப் பையிலிருந்து காபியும் பிளாஸ்திரியுமாக இருந்த அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

"தப்பு என்னோடதுதான் சார். என் கைதான் கிழிச்சுது. என்னை அடுத்த ஸ்டேஷன்ல இறக்கிடுங்க, எங்கே வேணா ஒப்படைங்க. எங்க வீட்டம்மாவை மட்டும் கடல் வரைக்கும் போக விட்டுடுங்க. இருபத்திரண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கா சார்."

பரிசோதகர் தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இது வெறும் ஜெராக்ஸ் சார். நிஜ டிக்கெட் அவங்க கைப்பையில இருக்கு. நீங்க முகம் கழுவ ஓடினதுமே எடுத்துக் காட்டிட்டாங்க. 'அவர் கை எனக்குத் தெரியாதா'ன்னு வேற சொன்னாங்க."

கேட்டுக்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம் எதுக்கு சார் என்னைப் பெட்டி பெட்டியா துரத்துனீங்க?"

"அவங்கதான் கேட்டுக்கிட்டாங்க: 'வாசலை விட்டு நகராத மனுஷன், இப்பத்தான் ஊர் சுத்த ஆரம்பிச்சிருக்கார், கடைசிப் பெட்டி வரைக்கும் கொஞ்சம் விரட்டிட்டு வாங்க'ன்னு!"