ஓனுமா யசுகிச்சி எழுப்பிய வைக்கோல் கோட்டை

வாருங்கள் என் கண்மணிகளே, நெருங்கி உட்காருங்கள். குளிர்கிறவர்கள் என் போர்வைக்குள் காலை நுழைத்துக்கொள்ளுங்கள். நம் தெருவில் மூண்ட மாபெரும் போரைச் சொல்கிறேன்.

வாழ்க ஓனுமா யசுகிச்சி! மண்வெட்டி ஏந்திய தடக்கையன், உறைபனி வீழினும் வணங்கா வழுக்கையன், நகராட்சியில் முப்பத்தெட்டாண்டு முத்திரை குத்தியே மூத்த பெருவீரன் வாழ்க!

பனி உருகுமுன்னே இலையற்ற கிளையில் மஞ்சள் நூல் பிரிந்தாற்போல் மலர்வது மன்சாக்கு மரம். பகலும் இரவும் ஒத்த இளவேனிற் சமநாளில் மூதாதையரை வணங்க நாம் கோயிலில் கூடுகையில், தெருவில் முதலில் பூத்த வீட்டுக் கிளையே புத்தர் திருமுன் நிற்கும். பதினோராண்டாய் நின்றது அடுத்த வீட்டு ஹருயே அம்மாளின் கிளை. "இந்த வருஷமும் என்னுதுதானா? அய்யோ, எனக்கே கூச்சமா இருக்கு!" என்று அவள் ஆண்டுதோறும் நாணிய நாணம், நம் வீரன் மார்பில் வேலாய்ப் பாய்ந்தது.

"வருஞ்சமநாளில் நிற்பது என் கிளை! இன்றேல் அக்கோயிற்படியை என் கால் மிதியாது!" என வஞ்சினம் முழங்கினான்.

முள்ளங்கி ஊறுகாய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தொமிகோ, "சரிங்க. குப்பையை வெளிய வச்சிட்டீங்களா?" என்றாள்.

இலையுதிர்காலச் சந்தையில் மொட்டுக் கட்டிய மன்சாக்குச் செடியொன்றைச் சிறைமீட்ட இளவரசியெனத் தோளில் சுமந்து வந்து, அகழியெனக் குழி பறித்து, இலைமட்கு இட்டு, வேர் குளிர நீர் வார்த்து, மூங்கிலால் முட்டுக்கொடுத்து நட்டான். முதற்பனி விழுந்ததும் தெருவே தத்தம் தோட்டச் செடிகளை வைக்கோற்பாயால் சுற்றியது. அவனும் சுற்றினான், ஒன்றல்ல, மூன்று பாய், உச்சி முதல் அடி வரை, ஊசி நுழையா வண்ணம்! ஆளை மூடும் மலைப்பனியில் அம்மணமாய் நின்றே பூக்கும் குலத்துக்கு, அறிவிற் சிறந்த அவ்வாண்மகன் மேலங்கி அணிவித்தான்!

"என்ன ஓனுமா சான், செடிக்கு ஜலதோஷமா? கஞ்சி வச்சுத் தரட்டுமா?" என்றாள் வேலிக்கு அப்பால் ஹருயே.

"ஏங்க, மன்சாக்கை யாருமே கட்டமாட்டாங்களே," என்றாள் தொமிகோ.

"கோட்டை காப்போன் கொல்லைப்பேச்சுக் கேளான்!"

ஏப்ரலில்தான் பாய் அவிழ்ப்பது வழக்கம். வழக்கம் மீறுவானா முத்திரை குத்திய கையன்? மார்ச் முழுதும் தன் கோட்டைக்கு முதுகு காட்டி நின்று, பகைவியின் மரத்தையே பருந்தென நோக்கினான். சமநாளுக்கு நான்கு நாள் முன்பு அது பூத்தது. பன்னிரண்டாம் முறையாக அவள் கிளை புத்தர்முன் ஏறிற்று. ஊரெல்லாம் கோயிலில் இனிப்புருண்டை தின்ன, பெற்றோர் கல்லறைக்கு ஊதுவத்தியும் ஏற்றாமல், வஞ்சினத்தால் வீட்டில் குந்தியிருந்தான் வீரன்.

ஏப்ரல் பிறந்தது, கயிறறுத்தான், பாயுரித்தான். உள்ளே கிளைதோறும், கணுதோறும், பூத்துப் பழுத்து வாடிய பழுப்பு இதழ்க் கற்றைகள்!

தொமிகோ ஒன்றைக் கிள்ளிப் பார்த்தாள். "வைக்கோல் கதகதப்புல இது பிப்ரவரியிலேயே பூத்திருக்குங்க. ஹருயே அக்காவோடதுக்கு ரொம்ப முன்னாடி. நீங்கதான் ஜெயிச்சிருக்கீங்க."

யசுகிச்சி பாய்களைச் சுருட்டிக் கட்டி, குப்பையோடு வெளியே வைத்துவிட்டு வந்தார்.

உங்கள் வீட்டில் பூப்பது உங்கள் கண்ணில் படட்டும், செல்லங்களே.