ஒழுகும் தொட்டி குறித்து மச்சான் டுவேனுக்கு

அரிசோனா பாலைவனம்,
செவ்வாய்க்கிழமை, மதியம்.

மரியாதைக்குரிய மச்சான் டுவேன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் ஆர்டன் எழுதுவது. மினசோட்டாவில் நீங்களும் உங்கள் நாயும் பனியில் புதையாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வந்திருக்கும் நானும் உங்கள் அக்காள் மார்லிஸும் உடம்பளவில் சௌக்கியம். நீங்கள் பெரிதாக ஒன்று வாங்கிக்கொண்டு எங்களுக்குப் பெருந்தன்மையுடன் தந்த பழைய டிரெய்லர் வீடுதான் சௌக்கியமாக இல்லை.

இங்கே குழாய்த் தண்ணீரும் கிடையாது, கிணறும் கிடையாது. எட்டு மைல் போய் நாற்பது கேலன் தண்ணீர் பிடித்துவந்து தொட்டியை நிரப்பினால், விடிவதற்குள் அத்தனையும் மணலுக்குப் போய்விடுகிறது. மூன்று வாரமாக இதே கதை. நீங்கள் ஓட்டைத் தொட்டியைத் தெரிந்தே எங்கள் தலையில் கட்டினீர்கள் என்று நான் சொல்லவில்லை, தெரியாமல் கட்டினீர்கள் என்றும் சொல்லவில்லை. என் பக்கம் தவறு நேர வழியில்லை. அக்டோபரில் ஊரில் இருக்கும்போதே நம்மூர் வழக்கப்படி, குளிரில் உறைந்து வெடிக்காமலிருக்க, அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீரை இறக்கிவிட்டேன். மறக்கக்கூடாததை ஒரு சீட்டில் எழுதி, கண்ணில் படும்படி சமையலறைக் குழாயில் கட்டியும் வைத்தேன். முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்தவன் நான். ஒரு கடிதம்கூட ஆள் மாறிப் போனதில்லை.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று டிரெய்லருக்கு அடியில் படுத்தேன். ஒருவன் வண்டிக்கு அடியில் போனால் இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கால் மணி நேரத்தில் அக்கம்பக்கத்து டிரெய்லர்களிலிருந்து ஏழு பேர் மடக்கு நாற்காலியும் பீருமாக வந்து நிழல் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். ஓரிகானிலிருந்து வந்திருக்கும் ராஸ்கோ, "இதுக்குப் போய்க் கவலைப்படலாமா அண்ணே? பசையை அப்புங்க, பாறையாட்டம் நிக்கும்" என்றார். கனடாக்காரர் லைல், "யோவ், இந்தப் பிளாஸ்டிக்ல பசை ஒட்டுனதா சரித்திரமே கிடையாது, உருக்கித்தான் ஒட்டணும்" என்றார். பசையை அப்பினேன், மறுநாள் அப்பளமாக உரிந்து வந்தது. உருக்கினேன், என் சட்டைக் கையும் சேர்ந்து உருகியது. அப்புறம் ராஸ்கோ, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் ஒட்டி என்ன பயன் என்று ஒரு வாரம் கழித்து யோசித்து, கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயத்தைத் தொட்டியில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். மணல் முழுக்கச் சிவந்தது, ஓட்டை மட்டும் தெரியவில்லை. மார்லிஸிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவள் அந்தத் தண்ணீரில்தான் தலைக்குக் குளித்தாள்.

அந்த நரைத்த தலை இப்போது ரோஜா நிறத்தில் இருக்கிறது. அவள் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயம். "இந்தத் தலையோட நான் எப்படிங்க சர்ச்சுக்குப் போவேன்? சனிக்கிழமைக்குள்ள தொட்டியில தண்ணி நிக்கலைன்னா நான் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போறேன். நீங்க அந்த நாற்காலிக்காரங்களோடயே குடும்பம் நடத்துங்க" என்றாள். பெட்டியும் கதவோரம் வந்துவிட்டது. நாற்பத்து நான்கு வருடத்தில் அந்தப் பெட்டி கதவோரம் வந்ததே இல்லை, மச்சான். அவள் இல்லாமல் இந்தப் பாலைவனத்தில் நான் யாரோடு பேசுவேன்? லைலோடா?

நேற்று தொட்டியைத் தாங்கும் பட்டையை மறுபடி முடுக்கும்போது ஒரு திருகாணி, தேவைக்கு அரை அங்குலம் நீளமாக இருந்ததால், தொட்டியைத் துளைத்து உள்ளேயே போய்விட்டது. ஏழு பேரும் இழவுக்கு நிற்பதுபோல் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். ஆக, தொட்டியில் இப்போது உங்கள் ஓட்டை ஒன்று, என் ஓட்டை ஒன்று. என்னுடையது சிறியது. மார்லிஸுக்கு அது தெரியாது.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். தொட்டி உங்கள் காலத்திலேயே ஒழுகியது என்று அக்காளிடம் ஒப்புக்கொண்டுவிடுங்கள். அவள் போன் செய்து வரட்டுமா என்று கேட்டால் வீட்டில் அறை காலி இல்லை என்று சொல்லுங்கள், அதில் நாய் படுத்திருக்கிறது என்றாவது சொல்லுங்கள்.

பனியில் வழுக்காமல் நடக்கவும். எங்கள் ஆசிகள், நாய்க்கும் சேர்த்து.

இப்படிக்கு,
நீர் வற்றிய
ஆர்டன்

பி.கு.: தாள் தீர்ந்துவிட்டது. கேட்டதற்கு மார்லிஸ் கைப்பையிலிருந்து இந்தச் சீட்டைக் கொடுத்தாள். மேலே முட்டை, காபி, வெங்காயம் என்றிருப்பது அவள் கையெழுத்து. பின்பக்கம் "ஆர்டன், தண்ணீர் நிரப்பும் முன் வால்வை மூடு" என்றிருப்பது என்னுடையது. நீங்கள் திருப்பிப் பார்க்க வேண்டாம். "இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?" என்றேன். "கிளம்பின அன்னிக்குக் குழாய்ல தொங்குச்சு, லிஸ்ட் எழுத ஆகும்னு எடுத்துக்கிட்டேன்" என்றாள். வெயில் பக்கம் போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். வால்வு பாதி திறந்திருந்தது. மூன்று வாரமாக அந்தப் பக்கம் யாரும் நாற்காலி போடவில்லை. ஆக, தவறு பாதி உங்கள் குடும்பத்துடையது. அவள் ரோஜாத் தலை குலுங்கச் சிரித்துவிட்டுப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அடுக்குகிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். "வால்வை மூடியாச்சுல்ல, போய்த் தண்ணி பிடிச்சுட்டு வாங்க, சாயங்காலம் தலைக்குக் குளிக்கணும்" என்கிறாள். திருகாணி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. அந்த அறையிலிருந்து நாயை எழுப்பிவிடுங்கள், அறை எனக்குத் தேவைப்படும்.