ஒரு குடில், நான்கு சூப்பர்வைசர்கள்

அன்புள்ள அத்தைக்கு,

இல்லை, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லையே என்றீர்கள். எல்லாரும் வெள்ளரிப் பசுமைக்குடிலுக்குள்தான் இருந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். கை பின்னால் போய்விட்டால் அதிகம் சத்தம் வராது.

கால் கட்டுடன் மகள் வீட்டில் படுத்திருக்கும் உங்களுக்கு நல்ல சேதி மட்டும் எழுதுவதுதான் மரியாதை. தலையணையை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சேதி இந்தக் கடிதத்தில் இல்லை.

எதிரே அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள் 'ஆட்கள் தேவை' என்று பலகை வைத்தார்கள். அதில் தொடங்கியது. காயைத் தரம் பிரித்துக்கொண்டே பெரியக்கா, "அங்க தலைக்கு மேல ஃபேன் ஓடுதாம்," என்றார், வெள்ளரிக்காயிடம் சொல்வதுபோல. "ஓடட்டுமே," என்றாள் அவருடைய மருமகள், அவளும் வெள்ளரிக்காயிடம். டிராக்டர் டிரைவர் மறுநாள் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். குழாய் வேலை பார்ப்பவர், வாயே திறக்காததால் நாம் பூட்டு என்று கூப்பிடுகிறவர், பலகையை இரண்டு முறை படித்தார்.

பயந்துவிட்டேன். இருப்பதே நாலு பேர். பறிப்பு நாளில் நாலு பேரும் பறித்தால்தான் வண்டி நிறையும். மனிதர்கள் சம்பளத்துக்காக மட்டும் ஓரிடத்தில் தங்குவதில்லை, மதிப்புக்காகவும் தங்குகிறார்கள் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். படித்ததை நம்பினேன். ஒவ்வொருவரையும் தனியாகப் பேக்கிங் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "இனிமே நீங்கதான் சூப்பர்வைசர். இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், மத்தவங்க மனசு கஷ்டப்படும்," என்றேன். நாலு தடவை. அதே வார்த்தைகள். கடைசித் தடவை எனக்கே குரல் தழுதழுத்தது, பழகிவிட்டது.

ஒருவரும் மூச்சு விடவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரையின் கீழ் படுத்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் பதவியைக் காப்பாற்றினார்கள். ஆனால் பறிக்கும் கத்தி எல்லார் கையிலிருந்தும் கீழே போய்விட்டது. டிரைவர் கழுத்தில் விசில். மருமகள் காதில் பென்சில். பூட்டு ஒவ்வொரு கொடியின் முன்னாலும் நின்று தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். வெள்ளரிக்கு மேற்பார்வை தேவையில்லை. அது தானாக முற்றும்.

மொத்தக் கடைக்காரர் ஒரு காயை இரண்டு கையாலும் ஏந்தி, "பாப்பா, இதைத் தராசுல வைக்கறதா, தொட்டில்ல போடறதா?" என்றார். பிறகு சிரிக்காமல், "இன்னொரு லோடு இப்படி வந்தா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்," என்றார்.

அந்தக் கடை போனால் குடிலைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் அதை இடித்து லாரி நிறுத்துவார்கள். எனக்குப் பட்டம் இருக்கிறது, எங்கேயும் போகலாம். போக விருப்பமில்லை. இதை உங்களிடம் நேரில் சொன்னதில்லை.

கூட்டம் போட்டேன். ஏன் பறிக்கவில்லை என்று கேட்டேன். "ஆள் பத்தலைம்மா," என்றார்கள் மூன்று பேர், பூட்டு ஆமோதித்தார். அவ்வளவு ஒற்றுமையை அவர்களிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. சரியென்று நம் வாசலிலும் பலகை வைத்தேன். ஒருவர் வந்தார். நல்ல கை. நாலு பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள். மதியத்துக்குள் கத்தியை என்னிடம் நீட்டினார். "ரெண்டு கையை எட்டுக் கண்ணு பாத்தா கை எப்படிம்மா அசையும்?" என்று கேட்டுவிட்டு நேராகச் சாலையைக் கடந்து கம்பெனிக்குள் போனார்.

மிச்சம் நான்தான். நான் பறித்தேன், நாலு பேரும் மேற்பார்வை பார்த்தார்கள். "காம்பு விட்டு வெட்டும்மா." "முதுகை வளைக்காத, முட்டியை மடி." "கொடியை இழுக்காதீங்க, அது என்ன மாடா?" பூட்டு மட்டும் காய்க்கு ஒரு தடவை உச்சுக் கொட்டினார்.

இன்று காலை வெடித்தது. என் ஆமை வேகம் பொறுக்காமல் பெரியக்கா மருமகளிடம், "சும்மாதானே நிக்கிற, ஒரு கை குடுத்தா தேஞ்சா போயிடுவ?" என்றார்.

"நீங்க குடுங்க அத்தை. நான் சூப்பர்வைசர்."

"யாரு?"

"நான்."

"அடியே, அது நான்டி!"

டிரைவர் வாயிலிருந்து விசில் விழுந்தது. "அப்ப என்னை எதுக்குக் கதவைச் சாத்தி வெச்சுச் சொன்னாங்க?"

குனிந்து அதைத் தேடினார். பிறகு பின்னாலிருந்து, "நானும்," என்றது ஒரு குரல். பூட்டு. அவருக்குக் குரல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கனமான, நல்ல குரல்.

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெரியக்கா மெதுவாகச் சொன்னார்: "என் புள்ளைகிட்டகூடச் சொல்லலை பாப்பா. அவ்வளவு பெருசா நெனச்சு வெச்சிருந்தேன்."

சாலையைக் கடந்து போய்விட்டார்கள். நாலு பேரும். கம்பெனிப் பக்கம்.

ஆகவே அத்தை, ஆள் வைத்து நடத்த எனக்குத் தெரியவில்லை. குத்தகைக்கே பேசிவிடுங்கள். இன்று சாயங்காலம் கடைக்காரர் வண்டி வரும். வெறும் கூடைகளைக் காட்டி மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் இரு கால்களுக்கும் என் வணக்கம். கட்டுப் போட்ட காலுக்குச் சற்றுக் கூடுதலாக. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தகுதியில்லாத
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: குத்தகைப் பேச்சை எடுக்க வேண்டாம். வந்துவிட்டார்கள்.

கம்பெனி மேனேஜர், என்ன வேலை பார்த்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டாராம். நாலு பேரும் சூப்பர்வைசர் என்றார்களாம். "ஒரு குடிலுக்கு நாலு சூப்பர்வைசரா? அப்ப வேலை செஞ்சது யாரு?" "எங்க சின்ன முதலாளியம்மா," என்றாராம் டிரைவர். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கலை," என்றாள் மருமகள். "நம்ம பாப்பாவை நாம சொல்லலாம். அவன் யாரு சிரிக்க?"

சூப்பர்வைசர் பட்டத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். குடுத்தது குடுத்ததுதான் என்கிறார்கள். பறிக்கிறார்கள். ஆனாலும் ஆள் பற்றாது என்பது நிஜம்தானாம். "நீயும் வா. அந்தப் பேனாவை அப்புறம் பிடிக்கலாம்," என்றார் பெரியக்கா.

போய்ப் பறித்தேன். இந்தக் கடைசிப் பத்தியை வண்டி போன பிறகு எழுதுகிறேன். கடைக்காரர் ஒரு காயை ஒடித்துத் தின்றார். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. அடுத்த லோடு எப்போது என்று கேட்டார். நாளை மறுநாள் என்றேன். பிறகு நம் வாசலில் இருந்த பலகையைத் துடைத்து, 'ஆட்கள் தேவை'க்குக் கீழே 'பறிக்க மட்டும்' என்று ஒரு வரி சேர்த்து மறுபடி மாட்டினேன்.