பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஓர் ஓவியன்

முடியைக் கொஞ்சம் நீளமாக வளர்த்து, தோளில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஓவியனாகிவிடலாம் என்று பத்தொன்பது வயதில் நான் மனப்பூர்வமாக நம்பினேன். முடி வளர்ந்தது. பை கிழிந்தது. ஒற்றைக் கண்ணால் உலகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில், துறைமுகச் சாலையில் பஞ்சுப்பொதி ஏற்றி வந்த ஒரு மாட்டுவண்டியில் மோதி விழுந்தேன். (பஞ்சு என்பதால் பிழைத்தேன்.) ஓவியம்தான் வருவதாகக் காணோம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து, கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த தாய்மாமா வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு டிராயிங் மாஸ்டரிடம் ஹையர் கிரேடு பரீட்சைக்குப் படிப்பு. மாஸ்டர் ஒருநாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஆயுசு முழுவதும் பானையும் பெட்டியும்தான் வரைவாய், ஊருக்குள் போய் நல்ல படங்களைத் தேடிப் பார் என்றார். அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

பெரிய ஊர் என்றால் ஓவியங்களுக்கென்று ஒரு மாளிகை இருக்கும் என்பது என் நினைப்பு. முதலில் கண்ணில் பட்ட பலசரக்குக் கடையில், "அண்ணாச்சி, இவ்வூரில் படங்கள் காட்டும் இடம் எங்கே உள்ளது?" என்று புத்தகத் தமிழில் கேட்டேன்.

"ரெண்டு கொட்டகை இருக்கு தம்பி. எதுல என்ன படம் ஓடுதுன்னு தெரியல" என்றார் அவர்.

ஓடாத படம் வேண்டும் என்று விளக்கினேன். அவர் யோசித்து ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு வழி சொன்னார். அங்கே நான் வாயைத் திறப்பதற்குள் பனிமலை வரைந்த திரைக்கு முன்னால் உட்காரவைத்து, தலையைச் சீவிவிட்டு, மோவாயை நிமிர்த்திவிட்டார்கள். தப்பி வெளியே வரப் பெரும்பாடாகிவிட்டது. அடுத்து ஒரு பஞ்சு வியாபாரியின் பங்களா. கூடத்தில் பெரிய பெரிய எண்ணெய்ச் சாயப் படங்கள் இருப்பதாகக் கேள்வி. முதலாளி தூங்குகிறார், அவர் எழுந்தால்தான் படமும் எழுந்திருக்கும் என்று காவல்காரர் அனுப்பிவிட்டார். நாடகக் கொட்டகையில் மட்டும் இரக்கப்பட்டு, சுருட்டிவைத்த தர்பார் சீனை அவிழ்த்துக் காட்டினார்கள். அதிலிருந்து கொட்டிய தூசியில் நான் தும்மிய தும்மலில் சீனில் இருந்த ராஜாவின் சிம்மாசனமே ஆடியது.

கடைசியில் மாஸ்டர்தான் வழி காட்டினார். கடலோரத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயில். (எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் நான் இன்னும் போய்வர வேண்டியிருக்கிறது.) அங்கே பீடத்துக்கு மேலே பழைய காலத்துச் சம்மனசுகள், அதாவது எங்கள் பக்கத்துப் பேச்சில் தேவதூதர்கள், பலகையில் வர்ணம் தீட்டி இருப்பதாகச் சொன்னார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன்.

நாங்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் புராட்டஸ்டண்ட் மிஷன் சபை. எங்கள் கோயிலில் வெள்ளைச் சுவர், ஒரு சிலுவை, ஒரு கடிகாரம், அவ்வளவுதான் அலங்காரம். இங்கே உள்ளே நுழைந்ததும் பொன்னும் நீலமும் சிவப்புமாகக் கண் கூசிற்று. அத்தனை அழகான சிறகுகளை நான் அதுவரை பார்த்ததில்லை. பின்னால் பின்னால் நகர்ந்து பார்த்தேன். பக்கவாசல் வெளிச்சம் கண்ணில் அடித்தது. சுற்றுமுற்றும் பார்த்தபோது, பக்கச் சுவரோரமாக ஒரு பெரிய மர அலமாரி போல ஒன்று. உள்ளே சாய்மான நாற்காலி, முன்னால் திரைச்சீலை, பக்கத்தில் துளைத்துளையாகப் பலகை. அதற்குள் உட்கார்ந்து திரையை லேசாக விலக்கினால் பீடம் கச்சிதமாகத் தெரிந்தது. ஓவியர்கள் மீது இவர்களுக்குத்தான் எவ்வளவு கரிசனம் என்று உருகிப்போனேன். கரி படிந்த விரலைத் துடைத்துக்கொள்ள ஊதா நிறத்தில் நீளமாக ஒரு துணிகூட மாட்டி வைத்திருந்தார்கள்.

இரண்டாவது சம்மனசின் இடது சிறகை வரைந்துகொண்டிருந்தபோது, காதோரம் ஒரு குரல் கேட்டது.

"சாமி, ஆசீர்வதியுங்க."

தூக்கிவாரிப் போட்டது. துளைப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் முழந்தாளிட்டிருந்தாள். அப்போதுதான் புரிந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சாமியார் உள்ளே உட்கார்ந்திருக்க, சனங்கள் வந்து தங்கள் பாவத்தைச் சொல்வார்கள். அதில், சாமியார் உட்காரும் நாற்காலியில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சாமியார் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. அதை அவள் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் வந்து..." என்று தொடங்கினேன்.

"நீங்க புதுசுன்னு குரல்லயே தெரியுது சாமி. மொதல்ல நான் சொல்லுதத கேட்டுருங்க. நிறுத்துனா பொறவு எனக்குச் சொல்ல வராது."

அப்புறம் அவள் நிறுத்தவில்லை.

அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அவள் பெயர் அந்தோணியம்மா. தங்கை சவரியம்மா அடுத்த தெருவில் இருந்தாள். அக்காள் தங்கைக்குள் வருஷக்கணக்காகப் பேச்சு கிடையாது. தப்பு தங்கை மேல்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அப்படி இல்லை என்பதைத்தான் அந்தோணியம்மா அந்தத் துளைகள் வழியாக என்னிடம் சொன்னாள். (இதைப் பிறகு அவளே வெளியிலும் சொல்லிவிட்டாள்.) வருகிற திங்கட்கிழமை சவரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம்.

"கைக்குழந்தையில நான் தூக்கி வளத்த புள்ள சாமி. நான் போவட்டா, வேண்டாமா?"

குரல் உடைந்து அழ ஆரம்பித்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். நான் அதுவரை தப்பி ஓடும் வழியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அந்த அழுகையைக் கேட்டதும் அது மறந்துபோயிற்று.

"போங்கம்மா. அவங்க வீட்டுக்கே போங்க" என்றேன்.

அதோடு எழுந்து போவாள் என்று பார்த்தால், போகவில்லை. பரிகாரமாக என்ன செபம் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். ஞாயிறு பள்ளியில் பைபிள் ஒப்பித்துப் பரிசு வாங்கிய ஞாபகத்தில், "இருபத்து மூன்றாம் சங்கீதம்" என்றேன்.

"எனக்குப் பாட்டு வராதே சாமி."

பாட வேண்டாம், வாசித்தால் போதும் என்றேன். எழுத்துத் தெரியாது என்றாள். அப்படியானால் பரமண்டல ஜெபம் சொல்லுங்கள் என்றேன். அந்தக் கரையில் அதற்குப் பரலோக மந்திரம் என்று பெயர் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அவள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. பிறகு திரை விலகியது.

அவள் கண்ட காட்சியை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மடியில் வரைபலகை. மூக்கிலும் நெற்றியிலும் கரி. கையில், பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது சாமியார் கழுத்தில் போட்டுக்கொள்ளும் ஊதா நிறப் பட்டை, அதில் என் பத்து விரல் அடையாளமும். அவளுக்குப் பின்னால் முக்காடு போட்ட பெண்கள் வரிசையாகத் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். பக்கவாசல் வழியாக உண்மையான பங்குச் சாமியார் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்.

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். (இரண்டையும்.) அவள் அடிக்கவில்லை.

"எல்லாத்தயும் கேட்டுட்டியாலே?" என்றாள், மெதுவாக.

தலையாட்டினேன். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அடித்திருந்தால் தேவலை என்று தோன்றியது. அந்தக் குறையை வரிசையில் இருந்த ஒரு பலசாலியான அம்மாள் தீர்த்துவைத்தாள். ஓவியத்துக்காக வளர்த்த முடி அவள் பிடிக்க வசதியாக இருந்தது.

சாமியார் என்னையும் அந்தோணியம்மாவையும் உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்ன பரிகாரம் கொடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள்கள் குலுங்கின. திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீ வேற சபையா இருக்கலாம். ஆனா தெரியாமக் கேட்டவனுக்கும் இது உண்டு. அந்தப் பலகை வழியா கேட்டத சாகுற வரைக்கும் வெளிய விடக் கூடாது" என்றார்.

சத்தியம் செய்தேன். அந்தோணியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவன் மூஞ்சியைப் பார்த்தால் நம்பும்படியாக இல்லை என்று சாமியாரிடம் சொன்னாள். ஊதாப் பட்டையைச் சோப்புப் போட்டு நான் துவைத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"போன்னு சொன்னது நீதான? வா, நீயே கூட்டிட்டுப் போ."

அப்படித்தான் நான் சவரியம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. சவரியம்மா வெளியே வந்தாள். அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரம் போகப் போக அந்தோணியம்மா திரும்பிப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். கோயிலில் நடந்ததை, இருமலில் தொடங்கிச் சங்கீதம் வரை, ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்கக் கேட்கச் சவரியம்மாவுக்கும் கோபம் வந்தது. அவளும் திட்டினாள். ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் எடுத்தாள். ஓரிடத்தில் இரண்டு பேரும் ஒரே வசவை ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள்.

"அங்கன போயி அழுற அளவுக்கு அப்படி என்னக்கா சொன்ன?" என்றாள் சவரியம்மா.

"அத இன்னொரு தரம் சொல்ல என்னால ஏலாது. தப்பு எம்மேலதான். என்னய மன்னிச்சிருளா."

சவரியம்மா அக்காளின் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். "சரி, உள்ள வா. புள்ள உன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா." படியேறியவள் என் பக்கம் திரும்பி, "நீயும் வாலே" என்றாள்.

கல்யாணம் முடியும் வரை அந்தோணியம்மா என்னைக் கண் பார்வையிலிருந்து விடவில்லை. சும்மா இருப்பானேன் என்று பந்தல் வாசலுக்கு இரண்டு சம்மனசுகள் வரையச் சொன்னார்கள். அந்த இரண்டு முகங்களையே பார்த்துக்கொண்டு வரைந்ததால், சம்மனசுகளும் அக்காள் தங்கை மாதிரியே வந்துவிட்டன. மூக்கு சரியில்லை என்று இருவரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள். கல்யாண விருந்தில் சவரியம்மா என் இலையில் பெரிய சீலா மீன் துண்டாகப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தாள். பிறகு குனிந்து, அக்கா சொன்னது என்னவென்று காதோடு கேட்டாள். நான் மீனைத் தின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்தக் கரையில் எனக்கு நாசரேத்துச் சாமி என்று பெயராகிவிட்டது. மாமா கூட, "சாமி சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார். பரீட்சை எழுதி டிராயிங் மாஸ்டரானேன். சாத்தான்குளத்தில் பெண் எடுத்தேன். கல்யாணமான புதிதில் என் மனைவி என்னிடம் ஆசையாகக் கேட்டது நகையோ சேலையோ அல்ல. அந்தம்மா என்னதான் சொன்னாள் என்பதைத்தான். இன்றுவரை சொல்லவில்லை. அக்காளும் தங்கையும் இப்போது இல்லை. ஆனாலும் சொல்லவில்லை.

இதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது ஏதாவது தப்புச் செய்துவிட்டால், நான் படிக்கிற அறையின் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, கம்பி வழியாகச் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னதற்கு நான் கோபப்படக் கூடாது, வெளியேயும் சொல்லக் கூடாது. பிள்ளைகள் விளையாட்டாக ஆரம்பித்தது. போன மழையின்போது என் மனைவியே வந்து நின்றாள்.

"சாமி, பரண்ல சும்மா கெடந்த ஒங்க எண்ணெய்ச் சாயப் படம் ஒண்ண எடுத்துக் கோழிக்கூட்டுக்கு மேல போட்டுட்டேன்."

எந்தப் படம் என்று கேட்டேன். பெரியது என்றாள். அதை வரைய எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆயிற்று. கம்பி வழியாகக் கோழிக்கூட்டை எட்டிப் பார்த்தேன். பிறகு, ஒழுகுகிறதா என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு சொட்டு உள்ள போவல சாமி" என்றாள் அவள், மெய்யான மரியாதையோடு. என் படத்தை அவள் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.